மோட்டார் சைக்கிளுக்கு இடம் வைக்காத வீதி

வெள்ளவத்தை வீடுகளில் பிள்ளை ஏ.எல். முடித்து வேலைக்கோ கம்பஸுக்கோ போகத் தொடங்கியதும் ஒரு கதை கிளம்பும். "ஒரு பைக் எடுத்துத் தாங்கோவன்" என்று பிள்ளை கேட்கும். தாய் கேட்ட மாத்திரத்திலேயே வேண்டாம் என்பார். தகப்பன் கணக்குப் பார்ப்பார்: ஓட்டோவுக்கு மாதம் எவ்வளவு போகிறது, பஸ்ஸுக்குக் காத்து நின்று எத்தனை மணித்தியாலம் வீணாகிறது. கொட்டாஞ்சேனைப் பக்கம் இந்தக் கதை வேறு மாதிரி. அங்கே பல வீடுகளுக்குப் பைக்தான் உழைப்பு. சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுப்பவர், புறக்கோட்டைக் கடைகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர் என்று பலருக்கும் பைக் நின்றால் அன்றைய அடுப்பும் நிற்கும்.

இரண்டு வீட்டாருக்கும் மனதில் உள்ள பயம் ஒன்றுதான். அந்தப் பயத்தை "கவனமாப் போ" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம். எதைக் கவனிப்பது, ஏன் கவனிப்பது என்று யாரும் விளக்குவதில்லை. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பெரும் பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும்தான். நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள் என்பதால் இதில் வியப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். அது அரை விளக்கம். இரும்புக் கூட்டுக்குள் இருப்பவருக்கு வண்டி நசுங்கும், பைக்கில் இருப்பவருக்கு உடம்பு நசுங்கும் என்பது மீதி விளக்கம். ஆனால் இதைவிட முக்கியமானது, அந்த மோதல் எப்படி உருவாகிறது என்பது. பெரும்பாலான விபத்துகளில் மூன்று, நான்கு காரணங்கள் ஒரே இடத்தில் ஒரே செக்கனில் சந்திக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் விபத்து நடக்காது, அல்லது நடந்தாலும் உயிர் தப்பும்.

முதலில் காலி வீதிக்கு வருவோம். வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம், பின்னேரம் ஐந்தரை மணி. 100, 101 இலக்க பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தனியார் பஸ்ஸில் சாரதியும் நடத்துநரும் நம்பியிருப்பது அன்றைய வசூலை. முன்னால் போகிற பஸ் ஆட்களை அள்ளிக்கொண்டால் பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரு தரிப்பிடத்தில் இழுத்தடித்து நிற்பதும் அடுத்த தரிப்பிடத்துக்குப் பறப்பதும் நாளாந்தக் காட்சி. பஸ் இடப்பக்கமாக ஒதுங்கி, பின்பகுதி இன்னும் வீதியில் நீட்டிக்கொண்டிருக்க, நின்றுவிடுகிறது. பின்னால் வந்த பைக்காரர் வலப்பக்கமாக வெட்டி முந்துகிறார். அதே நேரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் வந்து வீதியைக் கடக்கத் தொடங்குகிறார். அவருக்குப் பைக் தெரியாது. பைக்காரருக்கு அவர் தெரியமாட்டார். இருவருக்கும் இடையில் பஸ் ஒரு சுவராக நிற்கிறது. அவர் பஸ்ஸின் ஓரத்தைத் தாண்டித் தலை காட்டும்போது பைக் அவருக்கு மூன்று, நான்கு மீற்றர் தூரத்தில் இருக்கும்.

இதில் யார் பிழை? பஸ்ஸை ஒழுங்காக ஒதுக்கி நிறுத்தாதவர், மஞ்சள் கடவைக்குப் போகாமல் இறங்கிய இடத்திலேயே கடந்தவர், நிற்கிற பஸ்ஸை வேகம் குறைக்காமல் முந்தியவர், தரிப்பிடத்தை வீதிக்குள்ளேயே வைத்தவர்கள் என்று நான்கு பேருக்கும் பங்கு உண்டு. பொலிஸ் அறிக்கையில் ஒரு பெயர்தான் வரும். ஆனால் அடுத்த விபத்தைத் தடுக்க நினைப்பவர் நான்கையும் பார்க்கவேண்டும்.

காலி வீதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பைக்குக்கென்று அங்கே இடமே இல்லை. இடப்பக்கம் பஸ், அதற்கு வலப்பக்கம் கார், நடுவில் மிஞ்சுகிற இடுக்கு பைக்குக்கு. 2020 செப்டெம்பரில் கொழும்பின் பிரதான வீதிகளில் வரிசை ஒழுங்கைக் கடுமையாக நடைமுறைப்படுத்தியபோது, பஸ்களுக்கு ஒதுக்கிய இடப்பக்க வரிசையிலேயே மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் போகவேண்டும் என்றார்கள். தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் நின்று நின்று கிளம்புகிற பஸ்ஸுக்கு முன்னும் பின்னும் பைக் ஓடினால் என்ன ஆகும் என்று உடனே எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களிலேயே அதை மாற்றினார்கள். மாற்றியது சரி. ஆனால் பைக் எங்கே போகவேண்டும் என்ற கேள்விக்கு விடை அப்போதும் வரவில்லை, இப்போதும் வீதியில் இல்லை. நாட்டின் வாகனங்களில் பாதிக்கு மேலானவை, கோடு போட்டவர்களின் கணக்கில் இல்லாத வாகனங்களாகவே ஓடுகின்றன.

அடுத்தது, பார்வை. "நான் பாக்கேல்ல, திடீரெண்டு வந்திட்டான்" என்று கார் ஓட்டியவர் சொல்லும்போது நாங்கள் பொய் என்று நினைப்போம். பல நேரங்களில் அது உண்மை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில், தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவரின் குழு சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981 இல் அறிக்கை கொடுத்தது. பைக்கும் இன்னொரு வாகனமும் மோதிய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டில், மற்ற வாகனம்தான் பைக்குக்கு விடவேண்டிய வழியை மறித்திருந்தது. மறித்தவர்களில் பலர் பைக்கைக் காணவே இல்லை, அல்லது காலம் கடந்து கண்டார்கள். வேறு நாடு, வேறு காலம், வேறு வீதி. ஆனால் மனிதக் கண் ஒன்றுதான்.

கண் ஏன் தவறுகிறது? எதிரே வருகிற வாகனம் கிட்ட வரவரப் பெரிதாகத் தெரியும். அந்தப் பெருக்கத்தை வைத்துத்தான் மூளை அதன் வேகத்தை மதிப்பிடுகிறது. பஸ் அகலமானது, பெருப்பது உடனே தெரியும். பைக்கின் முன்பக்கம் ஒல்லி. தூரத்தில் அது பெருப்பதே தெரியாது. கடைசி இரண்டு செக்கனில்தான் சட்டென்று பெரிதாகும். அதற்குள் கார் ஒழுங்கைக்குள் திரும்பத் தொடங்கிவிடும். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கமிருந்து வந்து அவற்றுக்குள் வலப்பக்கம் திரும்புகிற ஒவ்வொரு காரும் பைக்காரருக்கு ஒரு கேள்வி. காரின் முன்கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள தூண் ஒரு முழு பைக்கையே மறைத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதனால்தான் பகலிலும் முன்விளக்கை எரியவிடச் சொல்கிறார்கள். பளிச்சென்ற நிறச் சட்டையும் வெளிர்நிற ஹெல்மெட்டும் அழகுக்காகச் சொல்லப்படுவதில்லை, உயிருக்காகச் சொல்லப்படுகின்றன. பைக்காரர் ஒரு பாடத்தை மனதில் எழுதி வைக்கவேண்டும்: எதிரே திரும்பக் காத்திருக்கும் காரின் சாரதி என்னை இன்னும் காணவில்லை.

கொட்டாஞ்சேனைக்குப் போனால் ஆபத்தின் உருவம் மாறும். அங்கே பக்கத்தில் துறைமுகம். புளூமெண்டால் வீதி, இங்குருக்கடைச் சந்தி, மட்டக்குளிப் பக்கம் என்று கொண்டெய்னர் லொறிகள் போய்வரும் வழிகளில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய பைக்குகளும் போகின்றன. கொண்டெய்னர் லொறியின் சாரதி உயரத்தில் இருக்கிறார். அவருடைய கதவுக்குக் கீழே, இடப்பக்கத்தில், லொறியின் மூக்குக்கு நேர் முன்னால், பெட்டிக்கு நேர் பின்னால் என்று நான்கு இடங்களில் ஒரு பைக் நின்றால் அவருக்குத் தெரியாது. எத்தனை கண்ணாடி வைத்தாலும் இது முழுதாகத் தீராது.

அதைவிடக் கொடியது திருப்பம். நீண்ட லொறி இடப்பக்கம் திரும்பும்போது சாரதி முதலில் வலப்பக்கமாகக் கொஞ்சம் விரித்து எடுப்பார். அப்போது இடப்பக்கம் பெரிய வெளி ஒன்று திறந்த மாதிரி இருக்கும். பைக்காரர் அந்த வெளிக்குள் நுழைவார். முன்சக்கரம் போன பாதையில் பின்சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். திறந்த வெளி சில செக்கனில் மூடும். அந்த இடத்தில் திறமையும் பலிக்காது, ஹெல்மெட்டும் உதவாது. எனவே ஒரு விதியைக் கண்டிப்பாகப் பிடியுங்கள்: லொறியோ பஸ்ஸோ சந்தியில் நிற்கும்போது அதன் இடப்பக்கம் போகவே கூடாது. அதன் பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் உங்களைத் தெரியாது.

இனி வேகம். கொழும்புக்குள்ளே என்ன வேகம் எடுக்கமுடியும், எல்லாம் நெரிசல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நெரிசல் விட்ட இடங்களில், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு மெரைன் டிரைவிலும் ஞாயிறு காலையில் காலி வீதியிலும் என்ன நடக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். நகர்ப்புறத்தில் மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் வைத்த எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். "60இல போனா என்ன, பத்துத்தானே கூட" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். அவருக்குக் கடதாசியில் எழுதிக் காட்டியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

50 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க நல்ல கவனத்தோடு இருப்பவருக்கே ஒரு செக்கன் வேண்டும். அந்த 14 மீற்றரும் பிரேக் பிடிக்காமலே போகும். பிறகு காய்ந்த வீதியில் நன்றாகப் பிடித்தால் இன்னும் 16 மீற்றரில் வண்டி நிற்கும். மொத்தம் 30 மீற்றர். 60 கிலோமீற்றரில் வருபவருக்கு முதல் செக்கனிலேயே 17 மீற்றர் போய்விடும். 50இல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட அந்த 30ஆவது மீற்றரில், 60இல் வந்தவரின் வண்டி இன்னும் ஏறக்குறைய 39 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் நின்று மூச்சு விடுகிற இடத்தில் மற்றவர் 39 கிலோமீற்றர் வேகத்தில் மோதுகிறார். கூடுதல் பத்துக்குக் கொடுக்கிற விலை இது. வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போக அந்தப் பத்தால் மிச்சமாகிற நேரத்தை அடுத்த சிக்னல் தின்றுவிடும்.

மழை வந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர மழை வழக்கம். பல நாள் வெயிலில் வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் மழையின் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே வந்து வழுக்கும். வீதியில் போட்ட வெள்ளை, மஞ்சள் பூச்சும், இரும்பு மூடிகளும் சவர்க்காரம் போல இருக்கும். அந்த நேரத்தில் ஒதுங்கி நின்று தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டுப் போவது சோம்பல் அல்ல, விவேகம்.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். எங்களில் பலர் பின்பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர்கள். முன்பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறியும் என்று யாரோ சொன்ன பயம். உண்மையில் பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு வரும். நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன்பிரேக்கில்தான் இருக்கிறது. வெறுமனே பின்பிரேக்கை அழுத்துபவரின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி சீக்கிரம் நிற்காது. முன்னையும் பின்னையும் சேர்த்து, முன்பிரேக்கை மெதுவாகத் தொடங்கி அழுத்தம் கூட்டிப் பிடிக்கப் பழகவேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்குச் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். ஆனால் இங்கே 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. இன்று கைமாற்றில் பைக் வாங்குபவர் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் டயரின் பள்ளத்தையும் பிரேக் கட்டையின் தடிப்பையும் பார்க்கவேண்டும். ட்ரயலில் எட்டுப் போட்டுக் காட்டி அனுமதிப்பத்திரம் எடுப்பதோடு படிப்பு முடியவில்லை. அவசரமாக நிறுத்துவதை ஒரு வெறும் மைதானத்தில் மறுபடி மறுபடி செய்து பழகியவருக்குத்தான் வீதியில் கை தானாக வேலை செய்யும்.

செயலி வழியாகச் சாப்பாடு கொண்டு போகும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்கள் கண்மூடித்தனமாக ஓடுகிறார்கள் என்று கோபப்படுகிறோம். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று காசு கிடைக்கிற வேலையில் வேகம்தான் சம்பளம். கைப்பிடியில் பூட்டிய ஃபோனில் வரைபடம், அதில் அடுத்த ஓர்டரின் மணி, மேல்மாடியில் இருந்து "எங்க நிக்கிறீங்க" என்று வாடிக்கையாளரின் அழைப்பு. 50 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு செக்கன் ஃபோனைப் பார்த்தால் 28 மீற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்த மாதிரி. பசியோடு காத்திருக்கிற நாங்கள் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு நெருக்கடி குறையும். ஓடிக்கொண்டிருப்பவருக்கு அழைப்பு எடுக்காமல் செய்தி அனுப்பிவிடுங்கள். வேலை கொடுப்பவர்கள் நேரத்துக்குக் கொடுக்கிற ஊக்கப்பணத்தை விபத்தில்லாத ஓட்டத்துக்குக் கொடுத்தால் இன்னொன்று குறையும்.

ஸ்கூட்டியில் போகிற பெண்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. துப்பட்டாவும் சேலை முந்தானையும் சக்கரத்தில் சுற்றினால் கழுத்து இறுகும் அல்லது ஆளை வண்டியிலிருந்து பிடுங்கி எறியும். ஏறுமுன் இழுத்துச் செருகிக்கொள்வது ஒரு நிமிட வேலை. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போகிறவருக்குப் பிடிமானம் பாதிதான். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும் உடுப்பை அன்றைக்கு உடுத்துவதே நல்லது.

இப்போது ஹெல்மெட். பொலிஸுக்காகப் போடுகிறோம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. ஹெல்மெட்டின் வெளி ஓடு கீறலையும் குத்தலையும் தாங்கும். உயிரைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கிற தடித்த வெள்ளை நுரை. மோதும்போது அது நசுங்கிக்கொண்டே தலையின் வேகத்தைக் குறைக்கிறது. ஹெல்மெட் இல்லாத தலை ஒரு கணத்தில் நின்றுவிடும்; உள்ளே மூளை நிற்காமல் போய் மண்டையோட்டில் மோதும். நுரை நசுங்குகிற அந்த மிகச் சிறிய நேரம்தான் மூளைக்குக் கிடைக்கிற இரக்கம். ஒரு தடவை நசுங்கிய நுரை திரும்ப எழும்பாது. அதனால் ஒரு விபத்தைக் கண்ட ஹெல்மெட்டை, வெளியில் கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றியே ஆகவேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைப்பது தெரியவந்தது. இந்தப் பலன் முழுதாகக் கிடைக்க நாடிப் பட்டி பூட்டியிருக்கவேண்டும். பட்டி பூட்டாத ஹெல்மெட் முதல் தட்டிலேயே தெறித்துப் போகும். இரண்டாவது தட்டு வெறுந்தலைக்கு.

2015 இல் முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட்டைக் கொள்ளையர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று தடை செய்யப் பொலிஸ் முயன்றதும், விவகாரம் நீதிமன்றம் வரை போய்த் தடை நிறுத்தி வைக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். நாடியும் பல்வரிசையும் முகத்தில் அடிபடும் முதல் இடங்கள். முழுமுக ஹெல்மெட்தான் அவற்றைக் காக்கும். வாங்கும்போது எஸ்.எல்.எஸ். முத்திரையைப் பாருங்கள். வீதியோரத்தில் குவித்து விற்கிற மலிவு ஹெல்மெட்டின் உள்ளே விரலால் அழுத்திப் பாருங்கள். வெறும் ஸ்பொஞ்ச் மட்டும் இருந்தால் அது தொப்பி. ஹெல்மெட் பழக்கம் வராது என்று சொல்பவர்கள் வியட்நாமைப் பார்க்கலாம். அது பைக்கின் நாடு. அங்கே 2007 டிசம்பர் 15 இல் எல்லா வீதியிலும் எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயமாக்கி, அன்றிலிருந்தே கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். ஒரே நாளில் வீதியின் தோற்றம் மாறியது. மாற்ற முடியாத பழக்கம் என்று ஒன்றில்லை.

எங்களிடம் ஹெல்மெட் அணிகிறவர்கள் நிறைய. குறை எங்கே என்றால், தகப்பனுக்கும் தாய்க்கும் ஹெல்மெட் இருக்கும், நடுவில் நிற்கிற பிள்ளையின் தலை வெறுமையாக இருக்கும். கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நின்று பாருங்கள். பிள்ளையின் தலை அளவுக்கு ஹெல்மெட் கடையில் உண்டு. அதற்கு ஆகிற காசு ஒரு பிறந்தநாள் கேக்கை விடப் பெரிதாக இராது.

இவ்வளவு சொல்லியும் விபத்து நடந்துவிட்டால்? வீதியில் விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். இரக்கத்தோடு நான்கு பேர் கையைக் காலைத் தூக்கி ஓட்டோவுக்குள் மடித்துப் போடுவார்கள். இந்த இரக்கத்தால் முதுகெலும்புக் காயம் மோசமாகி இடுப்புக்குக் கீழே அசைவு போகலாம். செய்யவேண்டியது இது: வீதியில் வருகிற வாகனங்களை மறித்து நிறுத்துங்கள். 1990 ஐ அழையுங்கள். 2016 இல் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இன்று நாடு முழுதும் ஓடுகிற சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது. காசு இல்லை, பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள். அவர்கள் வரும்வரை விழுந்தவரின் தலையையும் கழுத்தையும் அசையவிடாமல் இருபுறமும் கையால் தாங்குங்கள். மூச்சு அடைத்தாலொழிய ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். இரத்தம் பாயும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தமாகப் பிடியுங்கள். தண்ணீர் பருக்காதீர்கள், உடனே சத்திரசிகிச்சை தேவைப்படலாம், வயிறு வெறுமையாக இருக்கவேண்டும்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவும், வெள்ளவத்தைக்குக் கிட்ட உள்ள களுபோவில வைத்தியசாலையும் இரவு பகலாக இந்தக் காயங்களைப் பார்க்கின்றன. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை என்பது இந்த நாட்டின் பெரிய கொடை. ஆனால் விபத்தின் செலவு வைத்தியசாலை வாசலோடு முடிவதில்லை. காலின் கீழெலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு முறிந்தால் கம்பி பூட்டி, கிருமி தொற்றாமல் பார்த்து, எலும்பு கூடி, மறுபடி நடக்க மாதங்கள் போகும். முள்ளந்தண்டு காயமானால் ராகமையில் உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையில் நீண்ட காலம். தலையில் அடிபட்டவர் வெளிப்பார்வைக்குச் சுகமாகி வீடு வந்துவிடுவார். பிறகுதான் கோபம் அடங்காமல் வருவதும், சொன்னதை மறப்பதும், வேலையில் மனம் நிற்காததும் தெரியவரும். "ஆள் முந்தி மாதிரி இல்லை" என்று வீட்டார் சொல்வார்கள். அது மனக்குறை அல்ல, மூளைக் காயம். வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

உழைக்கிற ஒருவர் படுத்துவிட்டால் பைக்குக்கு எடுத்த லீசிங் தவணை நிற்காது. வாடகை நிற்காது. மனைவியோ தாயோ வேலையை விட்டுப் பக்கத்தில் இருக்கவேண்டும். இரண்டு சம்பளம் போய்விடும். சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, உங்களால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. உங்கள் கால் முறிந்தால் அது உதவாது. பலர் இதை விபத்துக்குப் பிறகுதான் அறிகிறார்கள். தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்றைச் சேர்த்து எடுப்பதைப் பைக்கின் விலையோடு ஒன்றாகக் கணக்கிடுங்கள். நீங்கள் ஒருவரை மோதிவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்கு ஏறி இறங்குவதும், குற்றம் நிரூபணமானால் அனுமதிப்பத்திரம் போவதும் தனி. ஒருவரின் உயிர் போயிருந்தால் அந்தப் பாரம் வழக்கோடு தீராது.

நகரத்தை நடத்துபவர்களிடம் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. மலேசியாவில் 1970களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப் பாதை போட்டார்கள். தாய்வானில் சிக்னலில் கார்களுக்கு முன்னால் பைக்குகள் நிற்பதற்குக் கட்டம் வரைந்திருக்கிறார்கள்; பச்சை விழுந்ததும் பைக்குகள் முதலில் போய்விடும், லொறியின் பக்கத்தில் யாரும் சிக்குவதில்லை. காலி வீதியில் தனிப் பாதைக்கு அகலம் இல்லை என்பது உண்மை. சிக்னலில் ஒரு கட்டம் வரைய அகலம் தேவையில்லை, பெயின்ட் போதும். பஸ் தரிப்பிடத்தைச் சந்தியிலிருந்து தள்ளி வைப்பது, பள்ளிக்கூடம் தொடங்குகிற, விடுகிற நேரங்களில் கொட்டாஞ்சேனைக்குள் கொண்டெய்னர் லொறிகளை மறிப்பது, இருட்டில் மூழ்கிய சந்திகளில் விளக்குப் போடுவது ஆகியவையும் பெரும் செலவில்லாத வேலைகள். பஸ் ஊழியருக்கு நிலையான சம்பளம் வந்தால் தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் நடக்கிற ஓட்டப்போட்டி தானாகக் குறையும்.

அப்படியானால் பிள்ளைக்குப் பைக் எடுத்துக் கொடுக்கலாமா? என் பதில் இது. தேவை இருந்தால் கொடுங்கள். ஆனால் நல்ல ஹெல்மெட், நல்ல டயர், விபத்துக் காப்புறுதி மூன்றுக்கும் காசு ஒதுக்கிய பிறகு மிஞ்சுகிற பணத்தில் பைக்கைத் தேர்ந்தெடுங்கள். அது கொஞ்சம் சிறிய பைக்காக இருந்தால் இருக்கட்டும். பிள்ளை போய்ச் சேரவேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக வீட்டிலிருந்து அனுப்புங்கள். வழியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அழைப்பு எடுத்து "எங்க நிக்கிறாய், ஏன் பிந்துது" என்று கேட்காதீர்கள். கார் ஓட்டுபவர்கள் திரும்புவதற்கு முன் இன்னொரு தடவை பாருங்கள், பைக்கைத் தேடிப் பாருங்கள். வீட்டில் எத்தனை பேர் பைக்கில் ஏறுகிறார்களோ அத்தனை ஹெல்மெட் இருக்கவேண்டும், சின்னப் பிள்ளைக்கும் சேர்த்து. பட்டி பூட்டாமல் உங்கள் படலையைத் தாண்டி யாரையும் போகவிடாதீர்கள்.